ஒரு மில்லிகிராம், இரண்டு நிமிடம்

பார்வைக்குத் தண்ணீர்தான். விரல் நீளக் கண்ணாடி ஆம்பூலுக்குள் ஐந்து மில்லி. நிறம் கிடையாது. மில்லிக்கு ஒரு மில்லிகிராம் மருந்து அதில் கரைந்திருக்கிறது. கடைவாயில் கோணலாக முளைத்து எலும்புக்குள் சிக்கிக்கொண்ட ஞானப்பல்லை எடுக்க வந்தவர், நாற்காலியில் சாய்ந்ததும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வாயைத் திறக்கவே மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆம்பூலில் பாதியோ முக்காலோ அவருடைய ரத்தக் குழாயில் மெல்ல ஏறினால் போதும். கைப்பிடி தளரும். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார், தலையைத் திருப்பச் சொன்னால் திருப்புவார். முக்கால் மணி நேர வேலை முடிந்து தையலும் போட்டானபின், "எப்ப டாக்டர் ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு.

மருந்தின் பெயர் மிடாஸோலாம். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் நடுவே ஒரு நிலையில் ஆளை நிறுத்திவைப்பது இதன் வேலை. நோயாளியின் கணக்கில் இது நேரத்தைச் சுருக்குகிறது. ஆனால் கொடுப்பவரிடம் இது கேட்பதும் நேரத்தைத்தான். அந்த நேரத்தைக் கொடுக்க மறுத்த இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. இந்த மருந்தின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் அந்தக் கணக்கை மருத்துவர்கள் கற்றுக்கொண்ட வரலாறு.

நாற்காலிப் பயம்

மயக்க மருந்தின் வரலாற்றைத் தொடங்கிவைத்ததில் பல் மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை இழுத்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கக் கொடுத்தார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் மருத்துவமனையில் ஈதரைக் கொடுத்து அறுவை சிகிச்சை உலகத்தையே மாற்றிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவர்தான். இதில் வியப்பில்லை. கால் எடுக்கவேண்டிய நோயாளிக்கு அறுவை மேசையைவிட்டால் வேறு வழி இல்லை. பல்வலிக்காரருக்கோ எப்போதும் ஒரு வழி இருந்தது: எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம். வாசல்வரை வந்து திரும்பிப் போகும் நோயாளியை நாற்காலியில் உட்காரவைக்க ஒரு வழி கிடைக்காதா என்ற தேடல் பல் மருத்துவர்களைவிட வேறு யாருக்கும் அவ்வளவு அவசரமாக இருந்ததில்லை.

வாயுவில் தொடங்கிய அந்தத் தேடல் இருபதாம் நூற்றாண்டில் ஊசிக்கு வந்தது. 1945-இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் நீல்ஸ் ஜார்ஜென்சன் ஒரு முறையை வகுத்தார். பென்டோபார்பிட்டால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக் குழாயில் ஏற்றி, நோயாளி தளர்ந்ததும் நிறுத்தி, பிறகு பெத்திடினும் ஸ்கோபொலமினும் சேர்ப்பார். நோயாளி தூங்கமாட்டார், பயம் மட்டும் போயிருக்கும். ஆளைப் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுதான் அதன் உயிர்நாடி. ஆனால் பென்டோபார்பிட்டாலின் குடும்பமான பார்பிட்டியுரேட் வகை மருந்துகளில் பயம் தெளியும் அளவுக்கும் மூச்சு நிற்கும் அளவுக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை. வேலை முடிந்தபின்னும் நோயாளி வெகுநேரம் தள்ளாடிக்கொண்டிருப்பார்.

பிரிட்டனில் ஸ்டான்லி டிரமண்ட்-ஜாக்சன் வேறு பாதையில் போனார். சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும் மெதோஹெக்ஸிட்டோனை விட்டுவிட்டுச் செலுத்தி, தானே மயக்கமும் கொடுத்து, தானே பல்லையும் பார்ப்பது அவருடைய முறை. ஆயிரக்கணக்கான பல் மருத்துவர்கள் அந்த வழியில் பயிற்சி பெற்றார்கள். 1969-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, அந்த முறையில் நோயாளியின் மூச்சும் ரத்த ஓட்டமும் நினைத்த அளவுக்குப் பத்திரமாக இல்லை என்றது. அவர் அவதூறு வழக்கே போட்டார். 1972-இல் தீர்ப்பு வராமலே சமரசத்தில் முடிந்தது வழக்கு. அதன் நடுவே எழுந்த கேள்வி மட்டும் முடியவில்லை: கண்ணும் கையும் பல்லில் இருக்கும்போது, நோயாளியின் மூச்சை யார் பார்ப்பது?

சாயப்பட்டறையிலிருந்து வந்த குடும்பம்

மிடாஸோலாமின் பூர்வீகம் மருத்துவத்தில் இல்லை, துணிச் சாயத்தில் இருக்கிறது. லியோ ஸ்டெர்ன்பாக் 1908-இல் அபாஸியாவில் பிறந்தவர்; இன்று அது குரோஷியாவின் ஓபாட்டியா. மருந்துக்கடைக்காரரின் மகன். போலந்தின் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே வேதியியல் ஆய்வு செய்தபோது சாயமாகப் பயன்படுமா என்று ஒரு வகைச் சேர்மங்களைத் தயாரித்துப் பார்த்தார். சாயத்துக்கு அவை உதவவில்லை. பின்னர் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். யூதர் என்பதால், 1941-இல் போர் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நிறுவனம் அவரை அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நட்லிக்கு அனுப்பிவைத்தது.

1950-களின் நடுவில் மனப்பதற்றத்துக்கான மாத்திரைகளில் போட்டி சூடுபிடித்தது. ரோஷும் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னது. ஸ்டெர்ன்பாக் தன் பழைய கிராக்கோவ் சேர்மங்களைத் தூசி தட்டி எடுத்தார். சுமார் நாற்பது வகைகளைச் செய்து சோதித்தும் ஒன்றும் தேறவில்லை. கடைசியாகச் செய்த ஒன்று சோதனைக்குப் போகாமலே மேசையில் கிடந்தது. நிறுவனம் அவரை வேறு வேலைக்கு மாற்றியது. 1957-இல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்தபோது உடன் பணியாற்றிய ஏர்ல் ரீடர் அந்தப் படிகங்களைக் கண்டு, தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றார். சோதித்த லோவல் ராண்டல் அசந்துபோனார். விலங்குகள் சாந்தமாயின, ஆனால் மந்தமாகிவிடவில்லை. அதுவே 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963-இல் அதன் தம்பி டயஸிபாம், வாலியம் என்ற பெயரில் வந்து உலகத்தின் மேசை இழுப்பறைகளையெல்லாம் நிரப்பியது. பென்ஸோடயஸிப்பின் குடும்பம் இப்படித்தான் தலையெடுத்தது.

பல் மருத்துவர்கள் டயஸிபாமை விடவில்லை. 1960-களின் பிற்பகுதியில் அது ஊசியாக நாற்காலிப் பக்கம் வந்துவிட்டது. பார்பிட்டியுரேட்டைவிடப் பத்திரமானது, ஆளைத் தூங்கவைக்காமலே தணிக்கும். எப்போது நிறுத்துவது என்பதற்கு இமையைப் பார்த்தார்கள்: மேல் இமை பாதிக் கண்மணியை மூடும்படி இறங்கினால் போதும். கவனித்துச் சொன்ன பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் பீட்டர் வெரிலின் பெயரே அந்த அடையாளத்துக்கு நிலைத்துவிட்டது.

குறைகளும் இருந்தன. டயஸிபாம் தண்ணீரில் கரையாது. புரோபிலீன் கிளைகால் போன்ற திரவத்தில்தான் கரைக்கவேண்டும். அது ரத்தக் குழாயில் எரியும். சில நாளில் குழாய் வீங்கிக் கயிறுபோல் தடித்துக்கொள்ளும். பல் வலி போய்க் கை வலியோடு திரும்பி வருவார் நோயாளி. மேலும் டயஸிபாம் உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு நாள் ஆகும். அது சிதைந்து உண்டாகும் பொருளுக்கும் மயக்கும் குணம் உண்டு. அரை மணி நேர வேலைக்கு இரண்டு நாள் மந்தம் என்பது ஒத்துவராத வியாபாரம்.

வளையம் திறந்து மூடும் வித்தை

1970-களின் நடுவில் அதே நட்லி ஆய்வுக்கூடத்தில் ஆர்மின் வால்சரும் ராட்னி ஃப்ரையரும் அந்தக் குடும்பத்தின் மூலக்கூறுக் கட்டமைப்பில் இமிடஸோல் என்ற இன்னொரு வளையத்தை இணைத்தார்கள். பிறந்தது மிடாஸோலாம். அதன் சாமர்த்தியம் முழுவதும் வளையத்தில்தான் இருக்கிறது.

ஆம்பூலுக்குள் இருப்பது அமிலக் கரைசல். அந்த அமிலத்தில் மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொள்கிறது. திறந்த நிலையில் அது தண்ணீரில் கரையும். எரிச்சலூட்டும் கரைப்பான் தேவையில்லை, குழாயும் புண்ணாவதில்லை. ரத்தத்தில் கலந்ததும் அமிலத்தன்மை மறைகிறது. சில நிமிடங்களில் வளையம் மூடிக்கொள்கிறது. மூடிய நிலையில் அது கொழுப்பில் கரையும் பொருளாகிவிடுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள கொழுப்புத் தடுப்பைக் கடக்க அந்தக் குணம்தான் வேண்டும். ஆம்பூலில் ஒரு முகம், உடம்பில் இன்னொரு முகம். இரண்டும் தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்டபடி.

1982-இல் சுவிட்சர்லாந்தில் டார்மிகம் என்ற பெயரில் வெளிவந்தது. 1985 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. அங்கே அது வெர்ஸெட் என்ற பெயரில் வந்தது.

கையிலிருந்து மூளைக்கு

புறங்கையிலோ முழங்கை மடிப்பிலோ மருந்து ஏற்றும் மெல்லிய குழாயான வென்ஃப்ளான் ஒன்றைப் போடுகிறார்கள். ஒரு விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரின் கவ்வி, இன்னொரு கையில் பி.பி. பட்டை. முதல் ஒரு மில்லிகிராம் மெல்லப் போகிறது. மருந்து கையிலிருந்து இதயம், நுரையீரல், மறுபடி இதயம் என்று சுற்றி மூளைக்கு ஏறுகிறது.

மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்குவதற்கென்றே காபா என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது போய் உட்காரும் ஏற்பியின் நடுவில் குளோரைடு அயனிகள் நுழைவதற்கு ஒரு வழி. காபா வந்து தொட்டால் மடை திறக்கும். அயனிகள் உள்ளே பாய்ந்து நரம்பணு அடங்கும். மிடாஸோலாம் தானாக மடையைத் திறப்பதில்லை. பக்கத்தில் வேறோர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காபா தொடும்போது மடை இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. அந்த இடம் மூளையில் இருக்கிறது என்பதே 1977-இல்தான் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் பாஸலில் ரோஷின் ஆய்வாளர்களும் டென்மார்க்கில் ஒரு குழுவும் ஒரே ஆண்டில் தனித்தனியாகக் கண்டார்கள். இந்தக் குடும்பத்தின் மருந்துகள் கோடிக்கணக்கானோர் வயிற்றுக்குள் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவை போய்ச் சேரும் முகவரி கிடைத்தது.

நாற்காலியில் இது எப்படித் தெரியும்? முதலில் தோள் இறங்கும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு இழுவை வரும். "பேரு என்ன?" என்றால் சரியாகத்தான் சொல்வார், ஆனால் நிதானமாக, நாக்கு கொஞ்சம் தடித்ததுபோல. ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஒருவருக்கு இரண்டு மில்லிகிராம் போதும். அதே எடையுள்ள இன்னொருவருக்கு ஐந்தும் போதாது. எழுபது வயதைத் தாண்டியவருக்கு இளைஞருக்குக் கொடுப்பதில் பாதிகூட அதிகமாகிவிடலாம். ஆகவே எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரே மூச்சில் தள்ளிவிட முடியாது. கொஞ்சம் ஏற்றவேண்டும், இரண்டு நிமிடம் நிற்கவேண்டும், ஆளைப் பார்க்கவேண்டும், பிறகு தேவையானால் இன்னும் கொஞ்சம். அந்த இரண்டு நிமிடத்தில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். மருந்து அப்போதுதான் மூளைக்குள் போய் வேலையைத் தொடங்குகிறது.

ஒன்று மட்டும் இந்த மருந்து செய்யாது: வலியைப் போக்காது. அதற்குத் தனியாக ஈறில் லிக்னோகெய்ன் ஊசி போட்டாகவேண்டும். நோயாளி இதமான நிலைக்கு வந்தபிறகு போடுவதால் அந்த ஊசி அவருக்குப் பொருட்டாகத் தெரிவதில்லை. தொண்டை ஓங்கரிக்கும் ஆட்களுக்கு அந்தக் குமட்டலும் அடங்கும். ஆனால் மரத்துப்போகவைக்காமல் எலும்பைத் தோண்டினால் அரை மயக்கத்திலும் மனிதர் துடிப்பார்.

அவசரத்தின் விலை

அமெரிக்காவில் வெர்ஸெட் வந்தபோது மருத்துவர்கள் அதை டயஸிபாமின் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். டயஸிபாமின் அளவு பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகியது. ஆனால் மிடாஸோலாமின் வீரியம் டயஸிபாமைவிடப் பல மடங்கு. முதலில் வந்த வயல்களில் மில்லிக்கு ஐந்து மில்லிகிராம். சிரிஞ்சின் கட்டை ஒரு கோடு அதிகம் நகர்ந்தாலும் அளவு எங்கோ போய்விடும். குடல் உள்நோக்கிப் பரிசோதனை போன்ற சின்னச் சின்ன வேலைகளில் மயக்க மருத்துவர் இல்லாமலேயே இது கொடுக்கப்பட்டது. மூச்சு மெல்ல மெல்ல ஆழம் குறைந்து நின்றதை யாரும் கவனிக்காத அறைகளில் மரணங்கள் நடந்தன. 1988-இல் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைவரை போனது. அரசிடம் வந்து சேர்ந்த முதல் எண்பத்துச் சொச்சம் மரணங்களை அலசியபோது பெரும்பாலானவை மூச்சு சம்பந்தப்பட்டவை என்பதும், பாதிக்கு மேற்பட்டவற்றில் மிடாஸோலாமோடு ஓபியம் வகை வலி மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தன.

இந்தச் சேர்க்கை என்ன செய்யும் என்பதை 1990-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு துல்லியமாகக் காட்டியது. ஆரோக்கியமான 12 தன்னார்வலர்கள். மிடாஸோலாம் மட்டும் கொடுத்தபோது சொல்லும்படியான மூச்சுக் கோளாறு இல்லை. ஓபியம் வகையான ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது ஆறு பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, ஆறு பேருக்கு மூச்சே நின்றது. நோயாளிகள் அல்ல, எல்லோரும் திடகாத்திரமானவர்கள். ஒவ்வொரு மருந்தும் தனித்தனியாக நல்லபிள்ளைதான். கூட்டுச் சேர்ந்தால் கதை வேறு.

பிறகுதான் திருத்தங்கள் வந்தன. மருந்துச் சீட்டில் அளவு குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் இரண்டரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, அதையும் குறைந்தது இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்தவேண்டும், இன்னொரு இரண்டு நிமிடமாவது பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்தது என்று எழுதிவைத்தார்கள். மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்ற நீர்த்த வடிவம் வந்தது. பல் நாற்காலிப் பக்கத்தில் இன்று இருக்கவேண்டியது இந்த வடிவம்தான். ஆனாலும் பழைய அடர்த்தி வயல்கள் போகவில்லை. 2008 டிசம்பரில்கூட இங்கிலாந்தின் நோயாளி பாதுகாப்பு அமைப்பு, அடர்த்தி மாறி அதிக அளவு போய்விடுவதைப் பற்றி மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

காவலுக்கு வந்த இருவர்

மிடாஸோலாமின் பயணத்தில் துணைக்கு வந்தவை இரண்டு. ஒன்று பல்ஸ் ஆக்சிமீட்டர். 1974-இல் ஜப்பானின் நிஹான் கோடென் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி கண்ட தத்துவம் அது: விரலில் ரத்தம் துடித்துப் பாயும்போது ஊடுருவும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு, ஊசி குத்தாமலே ரத்தத்தின் ஆக்சிஜனைச் சொல்வது. கொரோனாக் காலத்தில் நம் வீட்டு அலமாரிகளுக்கும் வந்துவிட்ட அதே கவ்வி. ஒருவர் நீலம் பாரித்துப்போவதைக் கண்ணால் காண்பதற்கு வெகு முன்பே அது கூப்பிட்டுச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஃப்ளூமஸெனில். ரோஷின் பாஸல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹுங்கெலரும் கூட்டாளிகளும் உருவாக்கி 1981-இல் அறிவித்த மாற்று மருந்து. மிடாஸோலாம் உட்காரும் அதே இடத்தில் போய் அமர்ந்து அதை வெளியேற்றிவிடும். ஓரிரு நிமிடங்களில் ஆள் தெளிந்து எழுவார். ஒரு குடும்பம் தன் பிள்ளைக்குத் தானே கடிவாளம் செய்துகொண்டது என்று சொல்லலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃப்ளூமஸெனிலின் ஆயுள் மிடாஸோலாமைவிடக் குறைவு. தெளிந்தவரை நம்பி உடனே வீட்டுக்கு அனுப்பினால், வழியில் மறுபடி மயக்கம் ஏறலாம். ஆகவே இது ஆபத்துக்கு உதவும் மருந்து மட்டும். சீக்கிரம் அனுப்பிவைக்க வழி அல்ல.

சட்டங்களும் மெதுவாக வந்து சேர்ந்தன. பிரிட்டனில் பல் நாற்காலி மரணங்களை ஆராய்ந்த டேவிட் பாஸ்வில்லோ குழு 1990-இல் அறிக்கை கொடுத்தது. 2001-ஆம் ஆண்டின் முடிவோடு அங்கே பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுப்பது நின்றது. அதற்கு மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். கிளினிக்கில் அனுமதி பெற்றது விழிப்போடு கூடிய தணிப்பு மட்டும். வரையறை எளிது: நோயாளியோடு பேச்சுத் தொடர்பு ஒரு கணமும் அறுந்துபோகக்கூடாது. வேலை செய்யும் பல் மருத்துவரைத் தவிர, நோயாளியை மட்டுமே கவனிக்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் அறையில் இருக்கவேண்டும். டிரமண்ட்-ஜாக்சன் காலத்துக் கேள்விக்கு இப்படியாகப் பதில் கிடைத்தது.

வாய் என்பது மூச்சு வழியும்கூட என்பதை மறக்க முடியாது. வயிற்று அறுவையில் மருத்துவர் ஒரு பக்கம், மயக்க மருத்துவர் ஒரு பக்கம். பல் அறுவையில் தண்ணீர், ரத்தம், உடைந்த பல் துண்டு எல்லாம் மூச்சு போகும் பாதையிலேயே விழுகின்றன. நோயாளி தானே வாயைத் திறந்து வைத்திருக்கிறாரா என்பது அதனால் ஒரு நல்ல அளவுகோல். அது மூடத் தொடங்கினால் மயக்கம் ஆழமாகிறது என்று பொருள். முட்டுக்கொடுத்து வாயைத் திறந்தே வைத்தால் அந்த அறிகுறி தெரியாமல் போய்விடும்.

மறதி என்ற பரிசு

மிடாஸோலாம் தரும் பெரிய பரிசு தணிப்பைவிட மறதி. ஊசி போட்டது முதல் அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ நடப்பவை மூளையில் பதிவதே இல்லை. முன்பு நடந்தவை அப்படியே இருக்கும். பேசிக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தவருக்கு அந்த நேரம் வெற்றுப் பக்கம்.

இதில் சிக்கல்களும் ஒளிந்திருக்கின்றன. அறுவைக்குப் பின் சொல்லும் அறிவுரைகள் அவர் காதில் விழும், மனதில் நிற்காது. ஆகையால் கூட வந்த பெரியவரிடம் வாயாலும் சொல்லி, எழுதியும் கொடுக்கவேண்டும். சம்மதக் கையெழுத்தை மருந்து ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்கவேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது, அடுப்பில் நின்று சமைக்கவும் கூடாது.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. பெல்ஃபாஸ்டில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ஜான் டண்டி, இந்த வகை மருந்தின் கீழ் சில நோயாளிகளுக்குப் பாலியல் கற்பனைகள் உண்மைபோலவே தோன்றுவதைப் பற்றி எழுதினார். நடக்காத ஒன்றை நோயாளி முழு நம்பிக்கையோடு நடந்ததாகச் சொல்லலாம். நடந்த ஒன்றையோ மறந்தே போகலாம். இரண்டு பக்கமும் ஆபத்து என்பதால்தான் நோயாளியோடு மருத்துவர் தனியாக இருக்கக்கூடாது, அறையில் எப்போதும் மூன்றாம் ஆள் வேண்டும் என்பது கண்டிப்பான விதியாயிற்று.

மறதியும் வலியின்மையும் ஒன்றல்ல என்ற உண்மை மருந்தின் வாழ்வில் இருண்ட ஒரு கிளையிலும் வெளிப்பட்டது. 2013-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் மரண தண்டனை ஊசியின் முதல் மருந்தாக மிடாஸோலாமைக் கையிலெடுத்தது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. வலி தெரியாத ஆழத்தில் ஒருவரை நிறுத்தும் சக்தி இந்த மருந்துக்கு இல்லை என்று ஓக்லஹோமா கைதிகள் வழக்காடினார்கள். 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பல் நாற்காலிப் பக்கம் நிற்கும் யாருக்கும் அந்தக் கைதிகளின் வாதம் புதிதல்ல: லிக்னோகெய்ன் இல்லாமல் இந்த மருந்தை மட்டும் நம்பி யாரும் பல்லில் கைவைப்பதில்லை.

வெளியேறும் வழி

மூளையை விட்டு மருந்து இறங்குவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ரத்தத்திலிருந்து பிரிந்து தசைக்கும் கொழுப்புக்கும் போய்விடுவதால், சிதைந்து முடிவதற்கு முன்பே தெளிவு வரத் தொடங்கும். பிறகு கல்லீரலின் சிஒய்பி3ஏ4 என்ற நொதி அதை உடைத்துச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஈறு சீழுக்காக எரித்ரோமைசினோ, பூஞ்சைத் தொற்றுக்காக இட்ரகோனஸோலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த நொதி மந்தமாகிவிடும். ஒரு மணி நேர மயக்கம் பல மணி நேரமாக நீளலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பல் மருத்துவர் கேட்பதை வெறும் சடங்கு என்று எண்ணி "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். இந்த ஊசிக்கு முன் அப்படிச் சொல்லக்கூடாது. குறட்டைக்காரர்களும், மூச்சு நின்று நின்று வருபவர்களும், கல்லீரல் கெட்டவர்களும் அதையும் சொல்லிவிடவேண்டும்.

அப்படியானால் பல் பயத்துக்கு இது தீர்வா? 2000-இல் ஜெர்மனியில் பல் பயம் மிகுந்த 50 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று கண்ணைத் திறக்கிறது. அறுவைக்கு முன் ஒரே அமர்வில் பயத்தைக் கையாளும் மனப்பயிற்சி சிலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்கு பென்ஸோடயஸிப்பின். அறுவை அன்று இரண்டு தரப்புக்கும் பதற்றம் குறைந்தது. ஆனால் பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் பின்னர் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 20 சதவீதம் பேர்தான். காரணத்தை ஊகிக்கலாம். பயத்தைத் தாண்டியவருக்கு "நாம் தாண்டினோம்" என்ற நினைவு அடுத்த முறை துணைக்கு வரும். மருந்தின் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்த நினைவே உருவாகவில்லை. பயம் போகவில்லை, அன்றைக்கு மட்டும் விடுப்பு எடுத்தது.

அதற்காக மருந்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எலும்புக்குள் புதைந்த நான்கு ஞானப்பற்களை ஒரே நாளில் எடுக்கவேண்டியவருக்கும், கை கால் நடுங்கி உட்காரவே முடியாதவருக்கும், வாயைத் தொட்டாலே வாந்தி எடுப்பவருக்கும் இது பெரிய வரம். வருடத்துக்கு இரண்டு முறை வந்துபோகும் பயந்தாங்கொள்ளிகளுக்கோ, பொறுமையாகப் பேசும் மருத்துவரும் நல்ல மரப்பு ஊசியும் நாளடைவில் அதிகம் உதவும்.

நம் ஊரில் பல் கிளினிக்குகளில் இந்த வசதி பெரும்பாலும் மயக்க மருத்துவரை வரவழைத்துத்தான் நடக்கிறது. அதில் செலவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் எண்பதுகளில் போன உயிர்கள் கற்றுக்கொடுத்த பாடத்துக்கான விலை அது. யாராவது "லேசா ஒரு நரம்பு ஊசி, தெரியாமலே முடிஞ்சிடும்" என்றால், மருந்து எந்த கம்பெனியுடையது, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: நீங்கள் பல்லைப் பார்க்கும்போது என் மூச்சை யார் பார்ப்பார்கள்? ஏதாவது ஆனால் ஆக்சிஜனும் மாற்று மருந்தும் எங்கே இருக்கின்றன? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில், பல் இன்னும் ஒரு வாரம் வலிக்கட்டும். பொறுத்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பதே புத்திசாலித்தனம்.